வலது தோள்

பழைய ஜாக்கெட் காற்றடித்தால்
விலாவைச் சுற்றி இறுகும்.
பயந்த நேரத்தில் அதுவும் ஒரு ஆள்தான்.

புதியதில் முதுகுக்கு எவர்சில்வர் தகடு,
அதன் பின்னால் காற்றுப்பை.
நெஞ்சில் வெறும் பட்டி.

வெள்ளவத்தை நாலாம் மாடி ஹோலில்
கவட்டுப் பட்டிக்குள் ஒரு கால் நுழைத்திருந்தபோது
தண்ணி பில்லோடு வந்தார் மிசிஸ் செபரட்ணம்.
ஒன்றும் கேட்கவில்லை.
பில்லைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு, கல்கிசைக்கு வெளியே,
வழக்கம்போல நிறையக் காற்றடித்தேன்.
நூறாம் இலக்க பஸ்ஸில் பின்னால் நிற்பவனைப்போல
குப்புறத் தள்ளியது.
"காற்றைக் குறை! சாய்ந்து இரு!"
ரிஸ்காவின் குரல் பாதி, உப்புத்தண்ணீர் பாதி.

பதினெட்டு மீட்டரில்
கை தன்பாட்டில் வலது தோளுக்குப் போகிறது.
இழுக்க அங்கே கயிறில்லை.
வீடு மாறிய முதல் இரவு
சுவிட்சைத் தடவுவதுபோல் தடவுகிறது.
அதற்குள் நான் இரண்டு மீட்டர் மேலே.

இடது இடுப்பருகே, பின்னால், ஒரு சின்னக் குமிழ்.
இழுத்தேன்.
கடகடவென்று போனது காற்று.

உடைந்த கப்பலின் விலாவுக்கு மேல்
கிடையாக நின்றேன்.
நின்றேன் என்றா சொல்வது?
மூச்சிழுத்தால் ஒரு சாண் ஏற்றம்,
விட்டால் ஒரு சாண் இறக்கம்.
எதுவும் என்னைப் பிடித்திருக்கவில்லை.
ஒரு கலவாய் மீன் கண்ணுக்கு நேரே வந்து
சலித்துத் திரும்பியது.

படகில் இடுப்பெல்லாம் எரிச்சல்.
பழையதை ரிஸ்காவின் தம்பிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன்.
"எப்போது?" என்றாள்.
"அடுத்த கிழமை."
சொல்லும்போதே
கை வலது தோளில்.