பதினோராம் ஃபீடர்

இரவு பத்தேகால்.
டெமா கட்டுப்பாட்டு அறையில் செலாசி அக்பெகோ
ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
ஐம்பதில் நிற்க வேண்டியது
நாற்பத்தொன்பது புள்ளி நான்குக்குச் சறுக்கிவிட்டது.
மேற்கே எங்கோ குழாயில் வாயு அழுத்தம் குறைந்திருக்கிறது.
காரணம் காலையில் கடிதமாக வரும்.
இப்போது யாரையாவது இருட்டாக்க வேண்டும்.

அவள் தெருப் பெயர் எதையும் சொல்வதில்லை.
"தகோராடி, இருபது மெகாவாட் இறக்கு" என்கிறாள்.
இருபது மெகாவாட்டுக்கு முகம் கிடையாது.

தகோராடியில் போனை எடுத்த குவாமெனா எசில்ஃபிக்கு
முகங்கள் தெரியும்.
மூன்றாம் ஃபீடரில் மருத்துவமனை.
ஏழில் துறைமுகம்.
ஒன்பதில் அரசு அலுவலகங்கள்,
நான்கு வருடமாகப் பில் கட்டவில்லை,
ஆனால் அதைத் தொட்டால் தொட்டவன் கைதான் சுடும்.
மிச்சம் பதினொன்று.
மூன்று ராத்திரியாக அதை ஒளித்து வைத்திருந்தான்.
அதன் கடைசிக் கம்பத்தில்
அவன் மனைவி அராபாவின் மீன் கிடங்கு.

இதற்கு அங்கே டும்சோர் என்று பேர்.
டும் என்றால் அணை, சோர் என்றால் ஏற்று.
என் மொழியில் அணை என்றால்
ஆற்றை மறிப்பது,
விளக்கைக் கொல்வது,
மார்போடு சேர்ப்பது.
அந்த நாட்டுக்குப் பெரிய வெளிச்சம் முதலில் வந்தது
ஓர் அணையிலிருந்துதான்.
குவாமெனா பொத்தானை அழுத்தும்போது
மூன்றாவது பொருள் மட்டும் அறையில் இல்லை.

பில் வசூலிக்கும் அவன் கம்பெனி
கோபுரக் கம்பிக்காரர்களுக்குப் பாக்கி.
கம்பிக்காரர்கள் எந்திரக்காரர்களுக்குப் பாக்கி.
எந்திரக்காரர்கள் வாயுக்காரர்களுக்கு,
வாயுக்காரர்கள் நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்கு.
இடையில் ஓடாமலே நிற்கும் சில எந்திரங்கள்;
அவற்றோடு போட்ட ஒப்பந்தம்
கொண்டாலும் கொடு, கொள்ளாவிட்டாலும் கொடு என்கிறது.
மின்சாரம் மேலிருந்து இறங்கி வருகிறது,
கடன் கீழிருந்து ஏறிப் போகிறது.
கடன் மட்டும் ஒருநாளும் தடைபட்டதில்லை.

அராபா வாசலுக்கு வருகிறாள்.
தூரத்தில் அபோவாஸே மின்நிலையத்தின் புகைபோக்கிகளில்
சிவப்பு விளக்குகள் பத்திரமாக எரிகின்றன.
உள்ளே பெட்டிகளில் எண்பது கிலோ சாளை,
கொபினா அக்ரே நேற்றுக் கொண்டுவந்தது.
எண்ணெய்க் கப்பலின் வெளிச்சத்துக்கு மீன் கூடுகிறது,
சுற்றிலும் ஐநூறு மீட்டர் வட்டம்,
உள்ளே போனால் வலை போய்விடும்.
விளிம்பில் படகை நிறுத்தி
வழிதவறி வெளியே வரும் மீனுக்காக
விடிய விடிய உட்கார்ந்திருந்தானாம்.
"அங்கே ராத்திரியே கிடையாது, அராபா.
சும்மா எரிகிற நெருப்பு. அதற்கு ஒரு வேலையும் இல்லை."

அந்த வாயு குழாய் வழியே கரையேறி
எந்திரத்தில் எரிந்து
கம்பியில் ஓடி
இந்த மீனை உறையவைக்க வேண்டும்.
இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பின.
மீன் வந்துவிட்டது.

போன் அடிக்கிறது.
"மூடியைத் திறக்காதே."
"எவ்வளவு நேரம்?"
"தெரியாது."
"உனக்கா தெரியாது?"
அவன் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.
தரையில் ஐஸ் உருகி ஓடும் சத்தத்தை
இருவரும் கொஞ்சம் கேட்டார்கள்.

அவள் மீட்டர் முன்பண மீட்டர்.
திங்கட்கிழமை வரிசையில் நின்று அட்டை ஏற்றினாள்.
கப்பலில் தொடங்கி அவள் வாசல்வரை நீளும் அந்தச் சங்கிலியில்
எரிப்பதற்கு முன்பே காசு கட்டியவள்
அவள் ஒருத்திதான்.

நாலு பத்துக்குத் தெரு முழுக்கக் கூச்சல்,
பிள்ளைகள் தகரம் தட்டுகிறார்கள்.
விளக்கு வந்துவிட்டது.
அராபா மீனைப் பார்க்கப் போகவில்லை.
மீட்டர் அருகே நிற்கிறாள்.
எண்பத்தாறு செடி.
ராத்திரி விட்ட இடத்திலேயே இருந்த எண்
அவள் பார்க்கப் பார்க்க
எண்பத்தைந்து ஆகிறது.