கூட்டக் குறிப்பு

ஆல்டர் ஃபால்ஸ் பள்ளி வாரியம், விஸ்கான்சின்.
நவம்பர் மாதக் கூட்டம்.
இடம்: உடற்பயிற்சிக் கூடம்.
நூலகம் போதவில்லை.
ஒன்பது ஆண்டாகக் குறிப்பெழுதுகிறேன்,
கூரைக் கசிவு, பேருந்து டீசல், பால் ஒப்பந்தம்;
நாற்காலி தேடி ஒருநாளும் அலைந்ததில்லை.

பேச ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை விளக்கு, மஞ்சள், சிவப்பு.
சிவப்புக்குப் பின் பேசியதை
நான் எழுதக் கூடாது.

பொருள்: ஏழாம் வகுப்பு,
ஆசிரியை இங்க்ரிட் ஹாகன்,
விகிதமும் சராசரியும்.
பாடநூலில் அதற்குப் பதினெட்டுப் பக்கம் உண்டு.
அவர் பிள்ளைகளை வேலியோரம் உட்காரவைத்தார்
குவாரி லாரிகளை எண்ண.
மூன்று வாரம். மழையங்கி, பென்சில், நிறுத்தற்கடிகாரம்.
சாலையில் நிறுத்தப் பலகை எங்கே வேண்டும்,
வேண்டுமா,
இதுதான் கேள்வி.
விடைத்தாள் அவரிடமும் இல்லை.

முதலில் பேசியவர்:
"பிள்ளைகளை அரசியலுக்குள் இழுக்கிறார்கள்."
கைதட்டல்.
இரண்டாமவர்:
"மூன்று வாரத்தில் ஒருவர்கூட அவர்களைக் கேட்கவில்லையே,
எத்தனை என்று?"
கைதட்டல். கைகள் வேறு, சத்தம் அதே.
மூன்றாமவர் லாரியைப் பற்றிப் பேசவே இல்லை.
தலைநகரம், தொலைக்காட்சி,
யாரோ யாரிடமிருந்தோ திருடிய ஏதோ ஒன்று.
சிவப்பு எரிந்தும் நிறுத்தவில்லை.
பேனாவை மூடி வைத்தேன்.
பின்வரிசையில் ஒரு நாற்காலி சாய்ந்தது.
எங்கள் பல்மருத்துவரும் தபால்காரரும்
ஒருவர் சட்டைக் காலரை ஒருவர்.
குறிப்பில் நான் எழுதியது: சிறு இடைவேளை.

பதினோராவது, பாஜ் வாங், வயது பன்னிரண்டு.
ஒலிவாங்கி எட்டவில்லை.
தாழ்த்திக் கொடுக்க வந்தவன் ஓவன் ஷ்டெக்லர்;
அவன் அப்பா ஓட்டுவது நாற்பத்தோராம் எண் லாரி.

"நாங்கள் இரண்டு கட்சியாக இருந்தோம்.
பள்ளி விடும் நேரத்தில்தான் லாரி அதிகம் என்றேன்.
எண்ணினோம்.
நான் சொன்னது தப்பு, காலை ஏழே முக்காலுக்குத்தான் அதிகம்.
அப்பா மெதுவாகத்தான் போவார் என்றான் ஓவன்.
அதையும் கடிகாரம் வைத்துப் பார்த்தோம்.
ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை.
மறுநாள் அவனே ஒரு தாளோடு வந்தான்:
பலகையை வாசலில் வைத்தால்
பாரத்தோடு மேட்டில் நிற்கவேண்டும், பனியில் வழுக்கும்,
கீழே பாலத்தருகே வைக்கலாமே என்று.
எனக்கு அது தோன்றவே இல்லை.
ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் லாரி..."

சிவப்பு.

"நன்றி" என்றார் தலைவர் பிட்னர்.
கைகள் உயர்ந்தன.
நான்குக்கு மூன்று:
இனி கணக்கு பாடநூலுக்குள்.
திருமதி ஹாகனின் ஒப்பந்தம், மறுபரிசீலனைக்கு.
எண்ணிச் சொன்னது நான்.
எண்ணுவது என் வேலை.
அந்தச் சொல்லுக்குள் இருக்கிற இன்னொரு வேலையை
அன்றிரவு அங்கே
என்னிடம் எவரும் கேட்கவில்லை,
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

நாற்காலிகளை மடக்கி அடுக்கினார்கள் சிலர்.
தபால்காரர் ஒரு முனை, பல்மருத்துவர் மறுமுனை,
மேசை கனமானது.

பாஜ் என் பக்கம் வந்தாள்.
அவள் தாளைக் கேட்டு வாங்கி
குறிப்போடு ஊசி போட்டேன்.
இணைப்பு ஒன்று: சேறு பட்டது,
ஐந்தைந்தாய்க் கோடுகள்,
ஓரத்தில் வேறு கையெழுத்தில் ஒரு பாலம்.

"மறுபடி எப்போது வாக்கெடுப்பு?"
ஜனவரி என்றேன்.
"பனியில் நாங்கள் இன்னும் எண்ணவே இல்லை"
என்றாள், என்னிடம் அல்ல,
கதவருகே அவளுக்காக நின்றிருந்த
ஓவனைப் பார்த்து.