கடல் திறக்கும் வேலை

காலை நாலே காலுக்கு
நான் கடலைத் திறக்கிறேன்.
பச்சைப் பொத்தான், பிறகு வால்வு,
இடப்பக்கமாக இரண்டரைச் சுற்று.
முஹர்ரக்கின் இந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்குப் பெயர்
பம்ப் ஆபரேட்டர், கிரேடு மூன்று.

எதிரே பழைய சுங்கவீடு.
பவளக்கல், சுண்ணாம்பு.
கூரைக்குக் கண்டல் கம்புகள்,
ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பாய்மரத்தில் வந்தவை.
கம்பு எவ்வளவு நீளமோ
அறை அவ்வளவுதான் அகலம் என்று
ஹெஸ்ஸா மேடம் மாணவர்களுக்குச் சொன்னதை
கிரீஸ் போட்டுக்கொண்டே கேட்டேன்.
அன்றிரவு என் அறையை அளந்தேன்.
ஆறு கட்டில், ஒரு ஏசி.
எந்த மரத்தின் நீளம் இது?

நீர்முனைக் கட்டடம் என்கிறது பித்தளைப் பலகை.
எழுபத்தெட்டில் மண்ணைக் கொட்டிக்
கடலை எழுநூறு மீட்டர் தள்ளிவிட்டார்களாம்.
முப்பது வருடம் அது
கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.
பிறகு யாருக்கோ மனசு கேட்காமல்
தோண்டி, குழாய் பதித்து,
ஒரு துண்டுக் கடலைத் திரும்பக் கூட்டிவந்தார்கள்.
அதற்கு அலை கிடையாது.
ஏற்றமும் வற்றமும் என் ஷிப்டில் இருக்கின்றன.
இரண்டு நாள் நான் விட்டுவிட்டால்
பாசி பிடித்து நாறும்.

பட்டமளிப்பு அன்று மதியம் ஃபியூஸ் போனது.
மதகின் ரப்பர் ஏற்கெனவே கிழிசல்,
வெளியே நல்ல வற்றம்.
மீர் ஜான் ஸ்டோருக்கு ஓடினான்.
நீர் இறங்க ஆரம்பித்தது.
சுவரில் முதலில் ஒரு கறுப்புக் கோடு,
பிறகு படி,
படி,
நான் இதுவரை பார்த்திராத படிகள்.
ஏழாவதில் ஓர் இரும்பு வளையம்.
வளையத்தின் கீழே கல்லில்
கயிறு அறுத்த பள்ளம், கட்டைவிரல் ஆழம்.
எத்தனை படகு ஆடினால்
கல் இவ்வளவு கொடுக்கும்?

என் இடது உள்ளங்கையிலும் ஒன்று இருக்கிறது,
ஒன்பது வருட நைலான் போட்டது.
கடல் தெரியுமா என்று
விசா படிவம் எதிலும் கேட்கவில்லை.

வாக்கி டாக்கி கத்தியது:
அருளப்பா, போட்டோக்காரர் வந்தாச்சு,
தண்ணியை ஏத்து.
புது ஃபியூஸ் மாட்டியாகிவிட்டது.
மீர் ஜான் என் முகத்தைப் பார்த்தான்.
ஏர் லாக் சார், என்றேன் கருவியிடம்.

ஏழாம் படியில் உட்கார்ந்தோம்.
அவன் ஒரு சிகரெட்டை அவசரமில்லாமல் முடித்தான்.
பள்ளத்திலிருந்து சின்ன நண்டு ஒன்று வந்து
எங்களை மேலும் கீழும் பார்த்தது,
சுங்க அதிகாரி மாதிரி.
கைகளை விரித்துக் காட்டினேன்.
ஒன்றும் கொண்டுவரவில்லை அய்யா,
கொண்டுபோகவும் இல்லை.

பிறகு பச்சைப் பொத்தான்.

படங்கள் நன்றாக வந்திருக்கின்றன.
கறுப்பு அங்கிகள், வானில் தொப்பிகள்,
பின்னால் தண்ணீரில் கால் நனைத்த சுங்கவீடு.
நீர் வழக்கத்தைவிட ஒரு படி குறைவு.
யாருக்கும் தெரியவில்லை.

லாக் புத்தகத்தில் எழுதினேன்:
காற்றடைப்பு, பதினொரு நிமிடம்.
சாட்சிக்கு என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது.
மீர் ஜான் பேனாவை வாங்கிக்கொண்டான்.