அங்குசம்

நூற்றிருபது என்றார் போனில்.
என்னிடம் இருந்தது தொண்ணூற்றைந்து யூரோ.
அதில் பதினெட்டு சில்லறை:
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
யார் யாரோ சட்டைப்பைகளிலிருந்து உதிர்ந்து
கேட்டு ஒருவரும் வராதவை.

திரியெஸ்தேவில் பிப்ரவரி.
போரா காற்று தெருமுனையில் ஒளிந்திருந்து
ஆளைத் தோள்பிடித்து உலுக்குகிறது.
குப்பைத்தொட்டியொன்று சக்கரம் உருள
இறக்கத்தில் தன்பாட்டுக்குப் போகிறது.
சான் ஜாகோமோ மேடு, மூன்றாம் மாடி,
கதவில் பித்தளையில்: லிவியோ கோஸ்மாச்.

"நல்லா ஓடுது."
ஓடுவதைப் பார்த்த பிறகுதான் காசு, என்றேன்.
போன வருடம் ஒரு துணி துவைக்கும் இயந்திரம்
இப்படித்தான் நல்லா ஓடியது,
வாங்கிய வீட்டு வாசல் வரைக்கும்.

சூடேறப் பதினைந்து நிமிடம்.
அதற்குள் சாய்த்து அடிவயிற்றைப் பார்த்தேன்.
துரு இல்லை. திருகாணி ஒன்று குறைகிறது.
நீராவிக் குழாயின் நுனியில்
எந்தக் காலத்துப் பாலோ காய்ந்து கெட்டித்திருக்கிறது.
முள் மெல்ல எழுந்தது,
தூக்கத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டது போல.

ஏன் விற்கிறீர்கள்?
மார்பைத் தொட்டார். உள்ளே இரண்டு ஸ்டென்ட்.
"குடிக்கக் கூடாதுன்னாங்க.
மோந்து பார்க்கலாமான்னு கேட்டேன்.
டாக்டரம்மா பதிலே சொல்லல."

நவம்பரில் திறந்த டப்பாவிலிருந்து தூள் எடுத்து
அமுக்கி, பூட்டி, விசையைத் தட்டினார்.
கோப்பையை என் பக்கம் தள்ளுமுன்
மூக்கை அதன்மேல் கவிழ்த்து
கொஞ்சம் அதிகநேரமே நின்றார்.
"எப்படி?"

பிறர் வீட்டு மேசையில் உட்கார்ந்து
நன்றாக இருக்கிறது என்பதுதான் மரியாதை.
புளிக்குது, என்றேன். கடைசியில கரி.

நிமிர்ந்து பார்த்தார்.
"ஃபுல்வியா பதினோரு வருஷமா
நல்லாருக்கு, நல்லாருக்குன்னே சொல்லிட்டிருந்தா!"
சிரித்த சிரிப்பில் மார்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.
"தொண்ணூறு கொடு, போ."

சில்லறையை அவர் எண்ணவில்லை.

ஒன்பது கிலோவைக் குழந்தை போல் அணைத்து
காற்றுக்கு முதுகு காட்டிப் பின்னோக்கி நடந்தேன்.
மிச்சம் ஐந்து யூரோ.
நாலு யூரோ ரப்பர் வளையத்துக்குப் போனது.
பழையது கருத்து, இறுகி, ஓடு மாதிரி
துண்டு துண்டாகக் கழன்று வந்தது.
சிட்ரிக் பொடி கரைத்து விட்டேன்.
அவர்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு
பதினோரு வருடத்துக்குமாக
வெள்ளைச் செதிலாய்ப் பாத்திரத்தில் விழுந்தது.

அப்புறம்தான் உறைத்தது.
யானை வாங்கியாயிற்று. அங்குசம்?
அரைக்க ஒன்றும் இல்லை என்னிடம்.

கீழ்வீட்டு ஸ்டென்கா
கசகசா அரைக்கும் கைமில்லைக் கொடுத்தாள்.
தூளா அது, மணல்.
எட்டே நொடியில் தண்ணீர் ஓடி வந்து
ஏதோ கேக்கைக் கழுவிய ருசி.
மூன்று வாரம் அதைத்தான் குடித்தேன்.
கசகசா குறைந்துகொண்டே வந்தது,
அது ஒன்றுதான் முன்னேற்றம்.

சம்பள நாளில் கைமில் வாங்கினேன்,
நாற்பது யூரோ, இதுவும் யாரோ விட்டுக் கழித்தது.
ஒரு சொடுக்கு நைஸ். இன்னும் ஒன்று.
தோள் வலிக்கச் சுற்றினேன்.

ஞாயிறு காலை
ஏனென்று தெரியாமல் லிவியோவுக்கு போன் போட்டேன்.
கேளுங்கள், என்று
இயந்திரத்தின் பக்கத்தில் போனை வைத்தேன்.
பம்பு முனகியது, பிறகு தாழ்ந்தது,
எலிவால் போல் இரண்டு இழை,
வரிவரியாய்ப் புலி நிறத்தில்.
நான் எண்ண மறந்துவிட்டேன்.
அந்தப் பக்கம் எண்ணிக்கொண்டிருந்தார்,
புத்தக இத்தாலியனில் இல்லை, ஊர்ப் பேச்சில்,
மூச்சுக்கு ஒரு எண்ணாக.
இருபத்தாறில் அணைத்தேன்.

"ரப்பரை மாத்திட்ட."
ஆமா.
"எப்படி இருக்கு?"

வாயில் இருந்தது. விழுங்க மனசில்லை.

"சரி சரி, மெதுவா," என்றார்,
போனை வைக்காமல்.