கச்சான்

தடைக்காலம் தொடங்கிய வாரத்தில்தான்
ஜெனோவாவைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள்.
விசைப்படகுகள் கரையேறி
வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன.
சாயம் சுரண்டும் சத்தத்துக்கு நடுவே
அவள் பந்து தட்டும் சத்தம்.

தங்கச்சிமடத்தில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்,
எங்கள் பள்ளி மைதானத்து வடகோடியில் ஒற்றை வளையம்.
உப்பு தின்றது போக மீதி இரும்பு.
அதில் தொங்குவது அவள் அப்பா கழித்துப்போட்ட நண்டுவலை.
கச்சான் அடிக்கிற மாதங்களில்
வளையத்தைப் பார்த்து எறிந்தால் பந்து வேலிக்குப் போகும்.
ஒரு சாண் மேற்கே குறி வைக்க வேண்டும்.
மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

ஆறடி ஓரங்குலம் அவள்.
நான் ஐந்தடி, ஒரு வகுப்பு கீழே.
என் வேலை பந்தைக் கொடுப்பது.

சென்னைக் கல்லூரி சொன்னது:
வரலாறு இளங்கலை, இலவச விடுதி, தினம் இரண்டு முட்டை.
முடித்தால் ரயில்வேயில் வேலை கிடைக்கலாம்.
'லாம்' மட்டும் மெதுவாக.

பெங்களூர் லீக் அணி சொன்னது:
நான்கு மாதம், மாதம் நாற்பதாயிரம், முதுகில் அவள் பெயர்.
சம்பளம் வாங்கிவிட்டால் கல்லூரிச் சீட்டு கிடையாது.
முழங்கால் போனால்?
அதெல்லாம் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது என்றார்கள்.
போனில் அனுப்பியதில் ஆறு பக்கம்தான் இருந்தது.

மூன்றாமவர் தொப்பி போட்டிருந்தார்.
"பன்னிரண்டை இன்னொரு தடவை படிக்கட்டும்.
டிசம்பரில் பிறந்தவள், வயது இடம் கொடுக்கும்.
ஒரு வருடம் ஜூனியர் முகாம். அப்புறம் விலையே வேறு.
அலை பின்வாங்குவது பெரிதாக வரத்தானே?"
எங்கள் வடகடல் பெண்கடல், அலையே கிடையாது என்று
யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது.
அதைக் கேட்டதும் என் மனசு
என் பக்கத்துப் பெஞ்சைத் துடைத்துவைத்தது.

"ஏலத்துல மீனுதான் பேசாது, நீ பேசேன்" என்றார் செபஸ்தி மாமா.
"பேச விட்டாத்தானே" என்றாள்.
நண்டுக் கம்பெனியிலிருந்து விரல் வெளுத்து வந்த அவள் அம்மா
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"அங்க மேல கூரை இருக்குமா?"

அன்று சாயங்காலம் அவள் எறிய
நான் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தேன்.
நாற்பதோ ஐம்பதோ.
பிறகு கேட்டேவிட்டேன்,
திரும்பப் படிச்சா என்னடி?
பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.
"பதினேழு வயச ரெண்டு தடவ இருக்க முடியுமா?"
கோபமில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரல்.
நான் கொடுத்த அடுத்த பந்து
அவள் கைக்குப் போகாமல் சாக்கடைக்குப் போனது.
வேண்டுமென்றுதான்.
அவளே போய் எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஏழாம் பக்கம் வராமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள்.
பதினோரு நாள் கழித்து வந்தது.
முழங்காலின் விலை இரண்டு மாதச் சம்பளம்.
சிஸ்டர் பிலோமி இரண்டுமுறை வாசித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.
ஜெனோவா பேனாவை வாங்கினாள்.

தடை முடிந்து படகுகள் இறங்கிய ராத்திரி,
பாலத்துப் பக்கம் விளக்குகள் நகர்ந்துகொண்டிருக்க,
போன் வந்தது.
பின்னால் ஏசி உறுமியது, மரத்தரையில் செருப்புகள் கீச்சிட்டன.
"மூணு நாளா எல்லாமே இடப்பக்கம் போகுதுடி.
இங்க காத்தே இல்ல."

எவ்வளவு போகுது என்றேன்.

"ஒரு சாண்."