ச்சே

நிபோங் திபாலில் மூன்று பேரை விசாரித்தேன்.
ஒருவருக்குக் காவல்நாய்தான் வருமாம்,
ஒருவர் அடிப்பாராம்.
மிச்சம் கூ.
மாதம் எழுநூறு ரிங்கிட்,
இரண்டு மாதம் எட்டிப் பார்க்கக் கூடாது.
சுருளியின் முதுகுக்குப் பின்னால்
மைலோ டின்னைத் தட்டினார்.
ஒரு காது மட்டும் திரும்பியது.
"தேறுவான்."

தேறித்தான் வந்தான்.
செம்பனை வரிசைக்குள்
மூக்கைத் தரையோடு இழுத்து
பன்றித்தடம் விடாமல் போனான்.
கருப்பாய் ஒன்று பாய்ந்தது.
சுட்டேன், தவறியது.
"ச்சே!"

துரத்திக்கொண்டிருந்தவன்
அப்படியே உட்கார்ந்துவிட்டான்.
பன்றி வாய்க்கால் தாண்டியது.

கூவுக்கு ஃபோன் போட்டேன்.
சிரித்து முடிக்க அவருக்கு நேரமானது.
ஹொக்கியனில் உட்கார் என்றால் அதுதானாம்.

இப்போதெல்லாம்
தேன்விழி கணக்கில் பிழைவிட்டாலும்
கரண்ட் போனாலும்
எங்கள் வீட்டில் ஒருவன்
ஒழுங்காக உட்காருகிறான்.