புதன்கிழமைக் கட்டம்

கார்த்திகை பிறக்குமுன் சம்பாவுக்குக் காப்பீடு கட்டவேண்டும்.
இ-சேவை மையத்தில் என் மேசைக்கு முன்
அடங்கலும் ஆதாருமாய் வரிசை
படியிறங்கிச் சாலைவரை போகும்.
சர்வர் படுத்துக்கொள்ளும். எழும். மறுபடி படுத்துக்கொள்ளும்.
சர்வே எண், உட்பிரிவு, ஏக்கர், சென்ட்,
ஊரார் வயலெல்லாம் என் விரல்நுனியில்.

ஆதிரையின் ஒன்பதாம் மாத ஊசி
அந்த வாரத்துப் புதன்கிழமையில்தான் இருந்தது.

நினைவு வந்தபோது மணி இரண்டேகால்.
நீடாமங்கலம் கேட் மூடிக்கிடந்தது.
மன்னார்குடி வண்டி
இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும்வரை
பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பிலோமினா சிஸ்டர் ஐஸ் பெட்டியைக் கட்டிவிட்டிருந்தார்.
திறந்த குப்பி நாலு மணி நேரம்தான் தாங்குமாம்.
அட்டையை வாங்கி
அடுத்த வாரத் தேதியைப் பென்சிலில் எழுதினார்.
"போட்ட பிறகுதான் பேனா."
திட்டவில்லை. அதுதான் உறைத்தது.

அந்த அட்டையில் கட்டமே இல்லாத ஊசி ஒன்று,
டைபாய்டுக்கு, முந்தின மாதம்
மன்னார்குடி டாக்டரிடம் போட்டது.
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.
ஓசூரில் இவர் கம்பெனி பாலிசிக்கு
ரசீது, குப்பியின் லேபிள், அட்டையின் இரண்டு பக்கம்,
எல்லாம் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தேன்.
என் தொழிலே அதுதானே,
ஒரு மூலைகூட மடங்காமல் அனுப்பியிருந்தேன்.

நிராகரிப்பு வந்தது. போன் போட்டேன்.
எடுத்தவன் நல்ல பையன்.
"மேடம், பாப்பா அட்மிட் ஆகி
இருபத்திநாலு மணி நேரம் பெட்ல இருந்திருக்கணும்."
"டைபாய்டு வந்திருந்தா?"
"வந்திருந்தா தாராளமா கிளெய்ம் பண்ணலாம் மேடம்."
சொல்லிவிட்டு
அவனே கொஞ்சம் நிறுத்தினான்.

எதிரே சித்தமல்லிக்காரர் காத்திருந்தார்.
போன வருஷ மழையில்
ராத்திரியெல்லாம் வரப்பை வெட்டி வடியவிட்டவர்,
மூன்று ஏக்கருக்கு ஏன் காசு வரவில்லை என்று கேட்டார்.
"உங்க கிராமத்துல பாதிப் பயிர் பிழைச்சிருச்சேய்யா" என்றேன்,
அந்தப் பையனின் குரலில்.

அடுத்த புதன்
ஆதிரை அழுதது ஒரு நிமிஷம்கூட இல்லை.
சிஸ்டர் பென்சிலின்மேலேயே பேனாவை ஓட்டினார்.
சாய்த்துப் பார்த்தால் அடியில் பழைய கோடு தெரிகிறது.

பதினாறாம் மாதத்துக்கு அடுத்த கட்டம்.
விரல்விட்டு எண்ணினேன்: ஜூன்.
மேட்டூர் திறந்தால் குறுவைக்கு மறுபடி வரிசை நிற்கும்.
செல்போனில் அலாரம் வைத்தேன்,
காலை ஏழு மணிக்கு,
கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர.